ஓடாவியாரைக் கேளுங்கள்: மாரி முடிந்தபின் மரத்தளம்

முள்ளியவளையில் பட்டறை வைத்திருக்கிறேன், உளி பிடிக்கத் தொடங்கி 41 வருடம். கதவு, நிலை, ஏர்க்கால் என்று கேட்டு வந்த காலம் போய், இந்த மாசியில் வந்த கடிதங்களில் பாதி வீட்டுக்கு வெளியே போட்ட மரத்தளங்களைப் பற்றியது. வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் வந்து போனால் வளவில் ஒரு மரத்தளம் முளைத்துவிடுகிறது. நல்லதுதான், எங்களுக்கு வேலை. ஆனால் முதல் மாரியோடு அதன் முகம் மாறிவிடுகிறது. ஆகவே இம்முறை மரத்தளக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

போன ஆடியில் கனடாவில் இருந்து வந்து நின்ற மகன், வீட்டின் பின்பக்கம் வயலைப் பார்த்தபடி பன்னிரண்டடிக்குப் பத்தடியில் ஒரு மரத்தளம் போட்டுத் தந்தார். தேக்குப் பலகை. மினுமினு என்று வாணிஷ் அடித்தோம். தைப்பொங்கலன்று பார்த்தால் வாணிஷ் வெங்காயத் தோல் மாதிரி உரிகிறது, உள்ளே கறுப்பு. இரண்டு பலகை ஓரம் நிமிர்ந்து தோணி போல நிற்கிறது. இங்கே பெயின்ற் அடிப்பவர், மேலாலே சாம்பல் நிற எனமல் இரண்டு கை அடித்தால் எல்லாம் சரி என்கிறார். அடிக்கலாமா ஐயா?
வாசகி, உருத்திரபுரம்

அடிக்க வேண்டாம் தங்கச்சி. அடித்தால் அடுத்த தைப்பொங்கலுக்குச் சாம்பல் நிறத்தில் உரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் நான் முதலில் பார்த்தது வாணிஷை அல்ல. தளத்தைச் சுற்றிவரக் கீழே சீமெந்துக் கல் அடுக்கி மூடியிருக்கிறீர்கள். கோழி உள்ளே போய் முட்டை இடும் என்றுதானே? எங்கள் வீட்டிலும் அதே கரைச்சல்தான். ஆனால் அந்தக் கல்தான் உங்கள் தளத்தைக் கெடுக்கிறது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை நிலம் ஊறிக் கிடக்கும். அந்த ஈரம் மேலே எழும்பிப் பலகையின் அடிப்பக்கத்தில் ஏறும். வெளியேறக் காற்று இல்லை. மேல்பக்கமோ மழை விட்ட நேரமெல்லாம் வெயிலில் காய்கிறது. அடி ஊதி, மேல் சுருங்கினால் பலகை ஓரம் நிமிரத்தான் செய்யும். தோணி என்று நீங்கள் எழுதியது சரியான சொல்.

ஆகவே முதல் வேலைக்குக் காசே வேண்டாம். ஒன்றுவிட்டு ஒரு கல்லை எடுத்துவிடுங்கள், இடைவெளிக்குக் கோழிக்கூட்டுக் கம்பிவலை அடியுங்கள். நாலு பக்கமும் காற்று ஊடறுத்துப் போக வேண்டும். பலகைகளுக்கு நடுவிலும் ஐந்தாறு மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். படத்தில் சில இடங்களில் பலகையோடு பலகை முட்டி நிற்கிறது. அந்த இடைவெளியில் சிக்கியிருக்கும் வேப்பிலைக் குப்பையை ஒரு மெல்லிய தகட்டால் கிண்டி எடுங்கள். குப்பை கிடக்கும் இடத்தில் தண்ணீரும் கிடக்கும்.

இனி வாணிஷ். வாணிஷும் எனமலும் மரத்தின்மேல் தோல் போலப் படிபவை. தாழ்வாரத்துக்குள் நிற்கும் கதவுக்கு அந்தத் தோல் போதும், மழை படாது, பட்டாலும் வழிந்து போய்விடும். தளம் படுத்துக் கிடக்கிறது. தண்ணீர் அதன்மேல் நிற்கும். இஸ்குரூ ஓட்டையாலும் பலகையின் வெட்டுமுனையாலும் உள்ளே இறங்கும். தோல் மூடியிருப்பதால் வந்த வழியே திரும்பிப் போக முடியாது. வெயில் ஏறும்போது அந்த ஈரம் அடியிலிருந்து தோலைத் தள்ளும். நீங்கள் பார்த்த பொருக்கு அதுதான். மகனில் பிழை சொல்ல மாட்டேன், வாணிஷ் அடித்த அன்று அது எவ்வளவு வடிவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தளத்துக்கு வேண்டியது மரத்துக்குள் ஊறுகிற பூச்சு. ஹாட்வெயாரில் வெளிவேலைக்கான எண்ணெய் ஸ்ரெயின் என்று கேளுங்கள். நிறமில்லாததைத் தந்தால் வாங்க வேண்டாம். வெயிலைத் தடுப்பது அதிலுள்ள நிறத்தூள்தான், நிறமில்லாவிட்டால் ஆறேழு மாதத்தில் மரம் நரைத்துவிடும். தேக்குக்கு மண்ணிறம் கலந்த மஞ்சள் எடுப்பாக இருக்கும். இது உரியாது, தேயும். தேய்ந்த இடத்தில் கழுவிவிட்டு ஒரு கை பூசினால் முடிந்தது. ஒவ்வொரு வருடமும் சுரண்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த முறை சுரண்டத்தான் வேண்டும், தப்ப முடியாது. வாணிஷ் முழுவதும் போக வேண்டும். சுரண்டியால் பொருக்கை எடுத்து, 60 ஆம் நம்பர் சாண்ட் பேப்பர், அதற்குப் பிறகு 80. அதோடு நிறுத்துங்கள். பொடியன்கள் உற்சாகத்தில் 180 வரை போய்க் கண்ணாடி போல ஆக்கிவிட்டு ஐயா பாருங்கோ என்பார்கள். மேசைக்கு அது அழகு. தளத்தில் அப்படி இழைத்தால் மரத்தின் வாய் அடைபட்டு எண்ணெய் உள்ளே போகாது, மழைக்குள் கால் வழுக்கும். தேய்க்கும்போது வாயையும் மூக்கையும் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். இஸ்குரூத் தலைகள் மேலே தெரிந்தால் முதலில் அவற்றை உள்ளே இறக்குங்கள், இல்லாவிட்டால் தாளைக் கிழிக்கும்.

கறுப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று பூஞ்சணம், அது சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரில் தும்புத் தூரிகையால் தேய்த்தால் போகும். கழிவறைக்கு ஊற்றும் குளோறினை ஊற்றி வெளுக்க நினைக்க வேண்டாம், அது மரத்தின் நாரைத் தின்றுவிடும், மேல்பக்கம் பஞ்சு பிடித்து நிற்கும். மற்றக் கறுப்பு இரும்பாலே வருவது, அதைப் பற்றிக் கீழே முல்லைத்தீவுக் கடிதத்தில் சொல்கிறேன்.

கழுவியபின் அவசரப்படாமல் இருக்க வேண்டும். எத்தனை நாள் என்று கேட்பீர்கள். பங்குனி வெயிலில் மூன்று நாலு நாள் போதும், ஆனால் நாட்காட்டியை விட மரத்தைக் கேட்பது நல்லது. விரலால் நாலைந்து துளி தண்ணீர் தெளியுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் குடித்துவிட்டால் மரம் காய்ந்திருக்கிறது, வாயும் திறந்திருக்கிறது. துளி அப்படியே முத்துப் போல நின்றால் வாணிஷ் இன்னும் மிச்சம் இருக்கிறது, திரும்பத் தேயுங்கள்.

இந்தப் பொறுமை எனக்கும் ஒரு காலம் இருக்கவில்லை. 2018 மார்கழி வெள்ளத்தில், இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்ட நேரம், தெரிந்த ஒரு வீட்டுக்குள் தண்ணீர் ஏறி இறங்கியது. அந்த வீட்டுக்காரருக்குத் தைக்குள் கல்யாண வீடு. மேலே காய்ந்து தெரிகிறதே என்று கதவுகளுக்கும் விறாந்தை வாங்குக்கும் எனமல் அடித்துக் கொடுத்தேன். பங்குனியில் அந்த வாங்கில் அம்மை போட்டது போலக் கொப்புளம். காசு வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்தேன். அந்தக் கல்யாணப் படங்களில் மட்டும் கதவு வடிவாகத்தான் இருக்கிறது.

சரி, பூசும் நாள். காலையில் பனி காய்ந்தபின் ஒன்பது மணிக்குள் தொடங்குங்கள், அல்லது பின்னேரம் நிழல் விழுந்தபின். உச்சி வெயிலில் பலகை தோசைக்கல் போலக் கிடக்கும்போது பூசினால் எண்ணெய் உள்ளே இறங்குவதற்குள் மேலேயே காய்ந்துவிடும். ஒரு பலகையை இந்த முனையில் தொடங்கினால் அந்த முனையில்தான் நிறுத்த வேண்டும். நடுவில் தேத்தண்ணி குடிக்க எழும்பினால் எழும்பிய இடம் கோடாகத் தெரியும். இரண்டு பலகையாகப் பூசிக்கொண்டு போங்கள். கால் மணி நேரம் கழித்து, குடிக்காமல் மிச்சம் நிற்பதைத் துணியால் துடையுங்கள். துடைக்காமல் விட்டால் அது பிசின் போல நின்று புழுதியையும் கோழி இறகையும் பிடிக்கும். அடுத்த நாள் இரண்டாவது கை, அதுவும் மெல்லியதாக. வெட்டுமுனைகளுக்கு மட்டும் மூன்று கை கொடுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் அந்த முனையால்தான்.

உங்கள் தளம் 120 சதுர அடி. என் கணக்கில் இரண்டு கைக்கு மூன்று லீற்றர் தாராளம். தேக்கு எண்ணெய்ப் பிடிப்புள்ள மரம், அதிகம் குடிக்காது. பூசுவதற்குச் சற்று முன் தின்னர் தோய்த்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

நிமிர்ந்த இரண்டு பலகையையும் கழற்றிப் பாருங்கள். ஓரத்தில் வெளிறிய நிறம் அகலமாக ஓடினால் அது வெள்ளை, அதாவது மரத்தின் வெளிச்சுற்று இளம் பகுதி, உள்ளே இருக்கும் உறுதியான வைரம் இல்லை. தேக்கு என்று விற்றாலும் வெள்ளைக்குத் தேக்கின் பலம் கிடையாது, உக்கும், கறையானும் ஏறும். மாற்றிவிடுங்கள். மரக்காலையில் வாங்கும்போது பலகையைப் புரட்டி இரண்டு ஓரத்தையும் பாருங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

வேலையைப் பங்குனிக்குள் முடியுங்கள். சித்திரையில் பின்னேர இடிமழை வரும், வைகாசியில் சோளகம் எழும்பினால் பூசிய தளத்தில் வயல் புழுதி முழுவதும் ஒட்டும். தவறவிட்டால் ஆவணியில் காற்று எழும்ப முதல், விடியக்காலையில் செய்யலாம்.

தளத்தின் கால்களுக்குக் கழிவொயில் அடிக்கலாமா? அப்பா வேலிக் கட்டைகளுக்கு அதைத்தான் அடித்தார், கறையான் வரவில்லை.
வாசகர், ஒட்டுசுட்டான்

உங்கள் அப்பா மட்டுமல்ல, நானும் அடித்திருக்கிறேன் தம்பி. வன்னியில் கழிவொயில் காணாத வேலிக் கட்டை இருந்ததா? உழவு இயந்திரத்தில் இருந்து இறக்கியதை ஒரு பானையில் சேர்த்து வைத்து, கட்டையின் அடியைக் கறுப்பாக்கி நட்டோம். இப்போது வேண்டாம் என்கிறேன். அது காய்வதே இல்லை, குழந்தைகளின் காலிலும் உடுப்பிலும் ஒட்டும். இயந்திரத்துக்குள் ஓடித் தேய்ந்த உலோகமும் எரிந்த கழிவும் அதில் இருக்கிறது. மழைக்கு அது நிலத்தில் இறங்கும், உங்கள் கிணறு அந்தத் தளத்தில் இருந்து எத்தனை அடி? இன்னொன்று, ஒருமுறை அடித்த மரத்தில் பிறகு வேறு எந்தப் பூச்சும் பிடிக்காது.

கறையானுக்கு மருந்தை விட உயரம் முக்கியம். நிலத்துக்குள் இருக்கும் கறையான் மண்ணைத் தொட்டு நிற்கும் மரத்தில் நேராக ஏறிவிடும். தளத்தின் மரக் கால்களை மண்ணில் புதைக்காமல், ஒரு சாண் உயரமான கொங்கிறீற் கட்டை வைத்து, அதில் இரும்புத் தகட்டுக் கால் பதித்து, அதன்மேல் மரத்தை நிறுத்துங்கள். கறையான் அப்போதும் வரலாம், ஆனால் கொங்கிறீற்றின் வெளிப்பக்கமாக மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். கண்ணுக்குத் தெரியும், தும்புத்தடியால் தட்டிவிடலாம். மாதம் ஒருமுறை குனிந்து பார்க்கிற வேலைதான்.

போரின் கடைசிக் கட்டத்தில் ஊரை விட்டுப் போகும்போது என் தச்சு ஆயுதங்களைக் கிறீஸ் பூசிச் சாக்கில் சுற்றி வளவில் புதைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து தோண்டியபோது உளிகளின் இரும்பு இருந்தது. மாமரத்துப் பிடிகள் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது, பிடியின் வடிவத்திலேயே. முதிரைப் பிடி போட்ட இரண்டு உளியும் நேற்றுப் புதைத்தது போல வந்தன. ஒன்றை இப்போதும் பாவிக்கிறேன். ஆகவே கால்களுக்கு முதிரை கிடைத்தால் யோசிக்காமல் போடுங்கள். அனுமதிப் பத்திரம் உள்ள மரமா என்று பார்த்து வாங்குங்கள், இரவில் மலிவாக வருகிற முதிரை வேண்டாம்.

பனைமரத்தில் தளம் போட்டால் எப்படி? எங்கள் காணியில் விழுந்த பனைகள் கிடக்கின்றன.
வாசகர், பூநகரி

கூரையின் கீழ் என்றால் பனையை அடிக்க ஆளில்லை. பாட்டன் வீட்டுச் சலாகையைக் கழற்றிப் பேரன் வீட்டுக்குப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். திறந்த வெளியில் நடக்கும் தளத்துக்கு நான் போட மாட்டேன். பனையின் பலம் வெளிவட்டக் கறுப்பு வைரத்தில் இருக்கிறது, நடு சோறு. பலகையாக அரிந்தால் ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் சோறுமாக வரும், சோற்றுப் பக்கம் மழை குடித்து உக்கும். கறுப்போ எந்த ஸ்ரெயினையும் சமமாகக் குடிக்காது. வெயிலில் கிடந்து நார் எழும்பினால் வெறுங்காலில் சிராய் ஏறும், அது ஊசி போல. ஆசைப்பட்டால் தளத்துக்கு மேலே ஒரு கொட்டில் போட்டு, அதன் வளைக்கும் சலாகைக்கும் பனையைப் பாவியுங்கள். விழுந்த மரம் சரி, நிற்கும் பனையைத் தறிப்பதானால் முதலில் பிரதேச செயலகத்தில் அனுமதி கேளுங்கள்.

கடற்கரையில் இருந்து முந்நூறு யார் தூரத்தில் வீடு. மரப்படியில் ஒவ்வொரு ஆணியையும் சுற்றிக் கறுப்புக் கண்ணீர் வடிந்தது போல இருக்கிறது. தேய்த்தும் போகவில்லை.
வாசகி, முல்லைத்தீவு

ஆணி சாதாரண இரும்பு. மரத்தில் உள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை போலக் கறுக்கும், உப்புக் காற்று அதை விரைவாக்கும். ஒக்சாலிக் அமிலம் தூளாகக் கிடைக்கும், வெந்நீரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில், கையுறை போட்டுப் பூசி, கால் மணி நேரம் விட்டு நன்றாகக் கழுவுங்கள். கறுப்பு கண் முன்னாலேயே வெளுக்கும். அது நஞ்சு, மிச்சத்தைப் பிள்ளைகள் கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். ஆனால் அதே ஆணி இருந்தால் அடுத்த மாரிக்கு அதே கண்ணீர். கழற்றிவிட்டு ஸ்ரெயின்லெஸ் இஸ்குரூ போடுங்கள். விலை கூட என்பது உண்மை. கடலுக்கு இவ்வளவு கிட்டவென்றால் கல்வனைஸும் நீண்ட காலம் நிற்காது.

மாங்குளத்தில் பிறந்து இங்கே வந்து இருபது வருடம். புதிதாக டெக் போட்டிருக்கிறோம், பச்சை நிறம் அடிக்கும் மருந்தேற்றிய பைன் மரம். எப்போது ஸ்ரெயின் அடிக்கலாம்?
வாசகர், ஸ்காபறோ, கனடா

உங்கள் ஊர் மரத்தில் எனக்குக் கை அனுபவம் இல்லை, ஆனால் மரம் எங்கேயும் மரம்தான். அழுத்தத்தில் மருந்தேற்றிய பலகை கடையில் இருந்து வரும்போதே ஈரமாக வரும். மருந்தேற்றியபின் சூளையில் காயவைத்த பலகை என்றால் காத்திருக்கத் தேவையில்லை, மற்றதுக்குச் சில வாரத்தில் இருந்து சில மாதம் வரை போகும். மேலே சொன்ன தண்ணீர்த் துளிச் சோதனை உங்களுக்கும் பொருந்தும். பூசுகிற நாளும் அதற்கு அடுத்த இரவும் பத்துப் பாகை வெப்பத்துக்குக் கீழே போகாத நாளாகப் பாருங்கள். பனியை இரும்புச் சவளால் சுரண்ட வேண்டாம், பிளாஸ்டிக் போதும். வெட்டின துண்டுகளை விறகாக எரிக்கவே வேண்டாம், புகையிலும் சாம்பலிலும் மருந்து இருக்கும்.

லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணி நெருப்பு வைக்காமலே எரியும் என்று ஒரு பையில் எழுதியிருந்ததைச் சொன்னேன். முதலாளி சிரிக்கிறார். உண்மையா அண்ணை?
வேலை பழகுபவர், புதுக்குடியிருப்பு

உண்மை தம்பி. முதலாளி சிரித்து முடியட்டும். அந்த எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வது போல அல்ல, காற்றோடு சேர்ந்து இறுகுகிறது, இறுகும்போது சூடு விடும். விரித்துப் போட்ட துணியில் சூடு காற்றோடு போய்விடும். கசக்கி ஒரு மூலையில் குவித்தால் நடுவில் தேங்கி ஏறிக்கொண்டே போகும். எண்ணெய் ஸ்ரெயின் பலவற்றிலும் இதே கதைதான்.

சில வருடம் முன் ஒரு சித்திரை மாதம், ஒரு பெரிய தளவேலை முடித்து வந்து துடைத்த துணியெல்லாவற்றையும் உரச் சாக்கில் அடைத்துப் பட்டறை மூலையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அங்கே பீடி குடிப்பவரும் இல்லை, அன்று மின்சாரமும் இல்லை. மூன்று மணி போல மனைவிதான் ஏதோ மணக்கிறது என்றார். சாக்கின் வாயால் புகை. பக்கத்தில் சீவல் குவியல் இரண்டடி தூரத்தில். நல்ல காலம், மாட்டுக்கு வைத்த தண்ணீர் வாளி வாசலிலேயே இருந்தது.

அன்றிலிருந்து துணிகளைத் தண்ணீரில் அமுக்கி எடுத்து, வேலிக் கம்பியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுகிறோம். நன்றாகக் காய்ந்து மொறமொறவென்று ஆனபின்தான் குப்பைக்கு. பாதி கருகிய அந்தச் சாக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதலாளியை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாரும், காட்டுகிறேன்.